அம்மாவுக்கு வெறும் மறதியா, வேறு ஏதாவதா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் 30 வருடம் உதவியாளராக இருந்தவன் நான். வயதானவர்களின் புத்தித் தடுமாற்றம் பற்றி நம் ஊர் ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கே: அம்மாவுக்கு 81 வயது. கிளினிக்கில் கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைய முடியவில்லை. புத்தி போய்விட்டது என்கிறார் அண்ணி.

அம்மா பள்ளிக்கூடம் போனவரா? விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர் கையில் பென்சிலை யார் கொடுத்தார்கள்? அந்தச் சோதனையை மட்டும் வைத்து அவரை எடை போடாதீர்கள். போன வருட அம்மாவையும் இந்த வருட அம்மாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு பாட்டி எனக்குத் தேநீர் கலக்கினார். தேயிலை போட்டார், டின் பால் ஊற்றினார், மறுபடி டின் பால் ஊற்றினார். அப்புறம் சுடுநீர்க் கேத்தலைக் கையில் பிடித்தபடி அடுத்தது என்ன என்று தெரியாமல் நின்றார். ஆயுள் முழுக்கச் செய்த வேலையின் வரிசை குலைகிறதே, அதுதான் அடையாளம். நிறம் பார்த்தே நோட்டு எண்ணுகிறவர் பச்சை ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) பதில் சிவப்புப் பத்தை நீட்டுகிறாரா, பழகிய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தன் வீட்டைத் தவறவிடுகிறாரா என்று கவனியுங்கள். காதையும் சோதியுங்கள். கேட்காதவரைப் புரியாதவர் என்று நினைத்துவிடுகிறோம்.

கே: அப்பா மூன்று நாளாக இல்லாத ஆட்களோடு பேசுகிறார். அதற்கு முன் நன்றாகத்தான் இருந்தார்.

திடீரென்று வந்தால் இன்றே மருத்துவமனை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இரத்தத்தில் சீனி இறங்குவது, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். பலவற்றைச் சரிப்படுத்த முடியும்.

கே: 1948இல் எல்பில் தோட்டத்தில் துரையை, அதாவது வெள்ளைக்கார மேலாளரை, சுட்ட கதையைப் பாட்டி அப்படியே சொல்கிறார். ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது?

பழையது கடைசியில்தான் போகும். காலையில் மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள்.

கே: வல்லாரை கொடுக்கலாமா?

துவையல் அரைத்துக் கொடுங்கள், நல்லது. ஆனால் பல வருடமாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் மறதி வரும்.

கே: அம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டைத் தன் பேருக்கு மாற்ற அண்ணன் கைநாட்டு வாங்கப் பார்க்கிறார்.

நோயின் பேர் வந்ததாலேயே அவருக்கு எதுவும் முடிவு செய்யத் தெரியாது என்று ஆகிவிடாது. எந்த மகளோடு இருப்பது என்று சொல்லத் தெரிந்தவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது புரியாமல் போகலாம். காலையில் தெளிவாக இருப்பவர் பொழுது சாயத் தடுமாறுவார். என்ன எழுதுகிறோம், யாருக்கு, அப்புறம் தான் எங்கே இருப்பது, இதை அவர் வாயால் சொல்லட்டும். சொல்ல முடியாதவரிடம் கைநாட்டு வாங்கக் கூடாது.

கே (இன்னொருவர்): ஐயா, மூத்த மகன்தானே கைநாட்டுக் கேட்கிறார். குடும்பத்துக்குள் வழக்கறிஞர் எதற்கு?

தம்பி, மூத்தவர் என்பது உறவு, சட்ட அதிகாரம் கிடையாது. 1950 ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தம் செய்பவருக்குத் தெளிந்த மனநிலை வேண்டும். அம்மா சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) வாங்கி வைத்திருந்தாலும், தந்தவர் மனநிலை தவறியவர் என்று தீர்ப்பானால் அது முடிந்தது. அதன் பிறகு 2001 மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றம் போக வேண்டும். அம்மா தெளிவாக இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கே: அம்மா பேரன் பேரை மறக்கிறார், இதுவும் மறதி நோயா?

கொஞ்ச நேரத்தில் நினைவுக்கு வந்தால் பயமில்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கே: மாமியார் நேற்றிரவு முதல் உளறுகிறார். திங்கள் வரை பொறுக்கலாமா?

வேண்டாம் அம்மா! திடீரென்று வந்தால் இன்றே. அவசரப் பிரிவுக்கு இப்போதே கிளம்புங்கள், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.