பதில்: பழைய உதவிப் பயிற்றுவிப்பாளரை வச்சுக்கவா, வேணாமா?

தம்பி, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளரா வந்திருக்கீங்க. உதவிக்கு மூணு பேரைச் சேர்த்துக்கலாம், ஆனா கமிட்டி பழைய உதவியாளரையே வைக்கச் சொல்லுது. இதுதானே சிக்கல்?

வைங்க. ஆனா முதல்ல அவரோட தனியா உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடிங்க. "இந்த இடம் உங்களுக்குத்தான் வரும்னு இருந்தீங்களா?"ன்னு நேராவே கேளுங்க. மழுப்பினா யோசிக்கணும். எந்தப் பொடியன் குளிர்ல முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு நிப்பான், எவனுக்கு ஞாயித்துக்கிழமையும் வேலை, எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

உங்க ஆள் ஒருத்தரும் கட்டாயம் வேணும். அலெக்ஸ் பெர்குசன் 1986ல மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு மேனேஜரா போனப்போ, பழைய அணியான அபர்டீன்ல கூட இருந்த உதவியாளர் ஆர்ச்சி நொக்ஸைக் கூட்டிக்கிட்டார். 1991ல நொக்ஸ் போனதும், உள்ளேயே இருந்த பிரையன் கிட்ங்கிறவரை மேல தூக்கினார்.

மூணாவது ஆள் கோல்காப்பாளருக்கு. நான் பயிற்றுவிச்சப்போ அதை விட்டுட்டேன். ஜூன் மழையில பந்து சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்கி, எங்க பொடியன் கையிலிருந்தே வலைக்குள்ள போச்சு. உடற்பயிற்சிக்குத் தனி ஆள் எதுக்கு? லயத்து வீட்டுக்கும் ரோட்டுக்கும் மலை ஏறி இறங்குற பசங்க.

அப்புறம், மூணு பேருக்கும் பஸ் காசு யார் குடுக்கிறதுன்னு கமிட்டிகிட்ட இப்பவே எழுதி வாங்குங்க.