குளிர் ஊரில் இகுவானாவுக்கு மரக்கூடு: பாஸ் சொல்ற பதில்கள்

இலங்கை மலைநாட்டுல, ஹட்டன்ல தச்சு வேலை செய்றேன். வீட்டுல அஞ்சடி இகுவானா (இலை தின்ற பெரிய பல்லி இனம்) ஒன்னு இருக்கு. அதுக்கு மூணு தடவை கூடு செஞ்சேன், முதல் ரெண்டும் வீண். கேட்டவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

நுவரெலியா தம்பி: பாஸ், எவ்வளவு பெருசா செய்யணும்?

ஆறடி உயரம், ஆறடி அகலம், மூணடி ஆழம். அதுக்குக் குறையக்கூடாது. மரத்துல வாழ்ற பிராணி, உயரத்துல கஞ்சத்தனம் வேணாம். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியா செஞ்சு, அறைக்குள்ள கொண்டுபோய் ஸ்க்ரூ போட்டுப் பூட்டுங்க. என் முதல் கூடு வாசக்கதவுல முட்டி நின்னுச்சு, மறுபடி அறுத்தேன்.

தலவாக்கலை அக்கா: கோழிக்கூடு மாதிரி நாலு பக்கமும் வலை அடிச்சா காத்தோட்டமா இருக்குமே, அண்ணே?

என் ரெண்டாவது கூடு அப்படித்தான் போச்சு, அக்கா. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், வருஷ சராசரியே 16 டிகிரிக்குப் பக்கம். தை மாசத்துல புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கும். இகுவானாவுக்கோ வெயில் காய 32லருந்து 35 டிகிரி வேணும், ராத்திரியிலயும் 22க்குக் கீழ இறங்கக்கூடாது. குளிர்ல கிடந்தா தின்ன இலை செமிக்காது. வலைக்கூட்டுல எத்தனை பல்ப் போட்டாலும் சூடு நிக்காது, கரண்ட் பில்தான் ஏறும்.

அதனால மூணு பக்கமும் மேலயும் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், முன்னால கண்ணாடிக் கதவு. சூடு வெளிய போகாம இருக்க, வெளிப்பக்கம் ரெஜிபோம் (தெர்மகோல்) ஒட்டலாம். உள்ள ஒட்டினா பிறாண்டித் தின்னுடும். காத்துக்கு ஒரு பக்கம் கீழயும் எதிர்ப்பக்கம் மேலயும் நீளமா ஒரு துவாரம் விடுங்க. அதுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் வலை (பத்தவச்ச கம்பி வலை) போதும். கோழி வலையில நகம் மாட்டிக்கும்.

மஸ்கெலியா: சாமான் அடுக்கி அனுப்புற பழைய பேலட் பலகை சும்மா கிடைக்குது, பாவிக்கலாமா?

முத்திரையைப் பாருங்க. எச்.டி.ன்னா (HT) சூட்டுல பதப்படுத்தினது, சரி. எம்.பி.ன்னா (MB) மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது, தொடாதீங்க. முத்திரையே இல்லன்னாலும் வேணாம்.

பண்டாரவளை: ஜன்னல் வெயில்ல வச்சா புற ஊதா விளக்கு தேவையில்லதானே?

தேவைதான். வெயில்ல இருக்கிற யூவிபிங்கிற புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துடும். அந்தக் கதிர் இல்லாட்டி கல்சியம் பிடிக்காம தாடை எலும்பு மென்மையாயிடும். யூவிபி குழல் விளக்கைக் கூட்டுக்குள்ளயே போட்டு, வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. எரியுதேன்னு நம்பிடாதீங்க, கதிர் முன்னாலயே குறைஞ்சிருக்கும். சூட்டு பல்ப்புக்கு பீங்கான் ஹோல்டர், சுத்தி வலைக்கூடை, சூட்டை அளவா வைக்க ஒரு தெர்மோஸ்டாட். வலைக்கூடை இல்லாட்டி பல்ப்பைக் கட்டிப் பிடிச்சு வயித்தைச் சுட்டுக்கும். கரண்ட் போனா சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்தி உள்ள வைங்க.

பதுளை: தோட்டத்துல உடும்புக் குட்டி ஒன்னு பிடிச்சோம். இதே அளவு போதுமா?

பிடிச்ச இடத்துலயே விட்டுடுங்க. வனவிலங்குச் சட்டத்துல உடும்பு பாதுகாக்கப்பட்ட பிராணி, கூடு கட்டுற பேச்சே இல்ல. இகுவானா வாங்குறவங்களும் முதல்ல வனஜீவராசிகள் அலுவலகத்துல கேட்டுக்குங்க.

நுவரெலியா தம்பி (மறுபடியும்): வார்னிஷ் அடிச்சு எத்தனை நாளைக்கு அப்புறம் விடலாம்?

தண்ணில கரையிற பொலியூரதேன் மூணு தடவை அடிங்க, மூலைகளுக்கு மீன் தொட்டி சிலிக்கன். குறைஞ்சது ஒரு கிழமை காயணும், நம்ம மழைக்கு ரெண்டு கிழமை. விளக்கை ஒரு நாள் முழுக்க எரியவிட்டு, கதவைத் திறந்து முகர்ந்து பாருங்க. மணம் வந்தா இன்னும் காயட்டும்.