இலைக்குள் உலகம் இல்லை

அன்புள்ள எழுத்தாளருக்கு,
ஜப்பானிய மொழி படித்து வருகிறேன். சீனத்திலிருந்து ஜப்பானியம் எடுத்துக்கொண்ட எழுத்துகளான கான்ஜியில், இலைக்கான எழுத்தில் மேலே புல், நடுவே உலகம், கீழே மரம் இருக்கின்றன. உலகத்தையே தாங்குவது இலை என்று செயலியில் விளக்கம் வந்தது, சிலிர்த்துவிட்டது. சீனாவில் இதைச் சுருக்கி, உலகத்தையே எடுத்துவிட்டார்களாமே? நான் எந்த வடிவத்தைப் படிப்பது?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஜப்பானியம்தானே படிக்கிறீர்கள், அந்த வடிவத்தையே படியுங்கள். சீனாவின் சுருக்க வடிவத்துக்காக அழவேண்டாம், அதுவும் பழைய எழுத்துதான். ஜப்பானில் அதையே எழுதினால் ஆசை நிறைவேறுவது என்று பொருள்.

எனக்குக் கோபம் அந்தச் சிலிர்ப்பின் மேல். கொஞ்ச நாளாகவே இந்த மாதிரி விளக்கங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஆதியில் அந்த எழுத்தில் புல் கிடையாது, இலையோடு நிற்கும் மரம் மட்டும்தான். புல் பிற்பாடு வந்து ஒட்டியது. உலகம், தலைமுறை என்று பொருள்படும் எழுத்தே இந்த மரத்தின் மேல்பாதியிலிருந்து பிரிந்ததுதான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். இலைக்குள் யாரும் உலகத்தைக் கொண்டுபோய் வைக்கவில்லை, அம்மா! எழுத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தத்துவம் தேடுகிறீர்களே, அதை எழுதி வாழ்ந்தவர்கள் அதை எங்கெல்லாம் கொண்டுபோனார்கள் என்று ஒருநாளாவது பார்த்தீர்களா? ஜப்பானியத்தில் சொல்லுக்குப் பெயர் கொதொபா, அதன் கடைசி எழுத்து இந்த இலைதான். மனித மனம் விதை, அதிலிருந்து தழைத்த எண்ணற்ற சொல்லிலைகளே பாட்டு என்று பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜப்பானியக் கவிஞர் கி நொ த்சுராயுகி எழுதிவிட்டார். 4,500-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட மன்யோஷூ தொகுப்பின் பெயரே ‘பத்தாயிரம் இலை’. அங்கே இலை என்பது பாட்டா, தலைமுறையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நூற்றாண்டின் நடுப்பகுதி, கடைசிப் பகுதி என்று சொல்லவும் இதே இலைதான்.

அப்புறம் தராயோ மரம். கியோத்தோவில் ஒரு கோயில் வளாகத்தில் பார்த்தேன். தடித்த இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். கீழே கிடந்த ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தில் குச்சியால் என் பெயரைக் கீறினேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீறல் பழுப்பாகி, கறுத்து, எழுத்து தெளிவாக எழுந்துவிட்டது. பெயரில் இருக்கும் ‘தரா’ வேறொன்றுமில்லை, வடமொழியில் ‘தால’ என்கிற நம் பனைதான். பனையோலையில் பௌத்த சூத்திரங்களைக் கீறி எழுதும் வழக்கத்தை நினைத்து, கீறினால் எழுத்து வரும் இந்த மரத்துக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். பனைக்கும் இதற்கும் உறவே இல்லை, எழுதலாம் என்பது மட்டுமே உறவு. 1997-இல் இதைத் தபால் நிலையத்தின் மரமாகவும் அறிவித்தார்கள், ஏனென்றால் அஞ்சலட்டையை ‘ஹகாகி’ என்பதும் இலையும் எழுத்தும் சேர்ந்த சொல்லாகத்தான் எழுதப்படுகிறது.

நல்ல பிள்ளையாக அந்தச் செயலியை மூடுங்கள். இந்த எழுத்து வரும் சொற்களை அகராதியில் தேடி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தயங்காமல் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.