மேலதிகாரி சொல்வது தவறு என்று தெரிந்தால் வீரன் கீழ்ப்படிய வேண்டுமா?

கேள்வி கேட்ட அக்காவின் மகன் வரும் ஜனவரியில் தேசிய சேவைப் பயிற்சிக்காகப் புலாவ் தெக்கோங் தீவுக்குப் போகிறானாம். "மேலதிகாரி ஏதாவது தப்பானதைச் செய்யச் சொன்னால் அவன் கேட்க வேண்டுமா, மறுக்க வேண்டுமா? மறுத்தால் தண்டனை, கேட்டால் பாவம். பிள்ளையிடம் என்ன சொல்லி அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறார்.

நான் தேசிய சேவையில் சார்ஜன்டாக இருந்தேன். அதற்குப் பின் அவ்வப்போது கூப்பிடும் ரிசர்விஸ்ட் பயிற்சியும் முடித்துவிட்டேன். போர்க்களம் எதையும் பார்த்ததில்லை. ஆனால் அக்கா கேட்கும் இதே கேள்வி 20 வயதில் என் முன்னால் வந்து நின்றது. அன்று நான் சரியாக நடந்துகொள்ளவில்லை. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கம்தான். இங்கே சிங்கப்பூரில் சட்டபூர்வமான உத்தரவை மீறினால் குற்றம். "சட்டபூர்வமான" என்ற அந்தச் சொல் முக்கியம். கைதியைச் சித்திரவதை செய், பொதுமக்களைச் சுடு என்று ஒருவர் சொன்னால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த நூரம்பர்க் வழக்கில் "மேலே சொன்னார்கள், செய்தோம்" என்ற வாதம் எடுபடவில்லை. அந்த வழக்கிலிருந்து ஐநாவின் சட்ட ஆணையம் 1950-இல் தொகுத்த கொள்கைகளிலும் அதுதான் இருக்கிறது: வேறு வழியில் போக உண்மையிலேயே இடம் இருந்தால், உத்தரவைக் காட்டித் தப்பிக்க முடியாது.

ஆனால் உங்கள் மகனிடம் யாரும் வந்து பொதுமக்களைச் சுடச் சொல்லப்போவதில்லை. தப்பான உத்தரவு பெரும்பாலும் பார்த்தவுடன் தெரிகிற மாதிரி வராது. எனக்கு அது ஒரு பதிவேடும் பேனாவுமாக வந்தது.

அப்போது நான் ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பு. எந்த முகாம் என்பது இங்கே வேண்டாம். கடும் பயிற்சிக்கு முந்தைய இரவு பையன்களுக்கு ஏழு மணி நேரம் இடைவிடாத தூக்கம் கிடைக்க வேண்டும் என்பது விதி. விளக்கு அணைத்த நேரத்தையும் எழுப்பிய நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அன்று சாமான் சோதனை இழுத்துக்கொண்டே போய், தூங்கும் அறையான பங்க்கில் விளக்கு அணைந்தபோது மணி 11:50. காலை ஐந்தரைக்கு எழுப்ப வேண்டும். 16 கிலோமீட்டர் ரூட் மார்ச். பிளாட்டூன் கமாண்டர் என்னைவிட ஒரு வயது மூத்தவர். நல்ல மனிதர், பையன்கள் மேல் பிரியமாக இருப்பவர். வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார், "பத்தரை என்று போட்டுவிடு."

பயந்துபோய் எழுதினேன் என்று சொன்னால் பொய். அவர் மிரட்டவே இல்லை. மார்ச் தள்ளிப்போனால் சனிக்கிழமைக்குப் போகும், யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பையன்களைக் கேட்டிருந்தால் அவர்களே பத்தரை என்று எழுதச் சொல்லிக் கும்பிட்டிருப்பார்கள். எல்லோருக்கும் நல்லதுதானே என்று நினைத்து 22:30 என்று எழுதினேன். கீழே கையெழுத்து. ஐந்து நொடி வேலை.

மறுநாள், பதினோராவது கிலோமீட்டர். ஈசூன் பையன் ஒருவன், தமிழ்ப் பிள்ளை, செக்‌ஷனிலேயே நன்றாக ஓடுகிறவன், இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தான். பக்கத்தில் போய், "உன் ரைஃபிள் நம்பர் என்ன?" என்றேன். அவன் தன் வீட்டு புளோக் எண்ணைச் சொன்னான். மறுபடி கேட்டேன். மாடி எண்ணைச் சொன்னான். வெயில் தாக்கியிருக்கிறது என்று புரிந்தது. எல்லோரும் ஓடிவந்தோம். ஹெல்மெட்டையும் பூட்ஸையும் கழற்றி நிழலில் படுக்கவைத்தோம். மெடிக் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்தார். ஆளுக்கு ஆள் போத்தல் தண்ணீரை அவன்மேல் ஊற்றினார்கள். அவன் என் கையைப் பிடித்திருந்தான். தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

பிழைத்துக்கொண்டான். தூக்கக் குறைவால்தான் இப்படி ஆனது என்று எந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவனுக்கு லேசான காய்ச்சல் இருந்திருக்கிறது, வீட்டுக்குப் போகும் ஆசையில் அவனும் அதை மறைத்திருக்கிறான். ஆக, அந்த மார்ச் தொடங்குமுன்பே மூன்று பேர் உண்மையை மறைத்திருந்தோம். மூன்று பேருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

விசாரணை அதிகாரி முதல் நாள் கேட்டபோது பதிவேட்டில் இருப்பது சரி என்றேன். இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் நானே போய் உண்மையைச் சொன்னேன். எனக்கும் கமாண்டருக்கும் தண்டனை கிடைத்தது, அது பெரிதில்லை. வார்டுக்குப் பார்க்கப் போனபோது, அதுவரை "சார்ஜன்ட்" என்று மட்டுமே கூப்பிட்ட பையன், "அண்ணே, என்னாலதானே உங்களுக்குப் பிரச்சினை" என்றான். அவன் அம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கு மைலோ ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எந்த மார்ச்சிலும் பட்டதில்லை.

அதற்குப் பிறகு போர்க் குற்றங்களைப் பற்றி எங்கே படித்தாலும் என் கண் பதிவேட்டைத்தான் தேடும். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் ஆயுதமில்லாத நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். வியட்நாம் தரப்பின் கணக்கு 504 பேர். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள். அங்கே சுட மறுத்த சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அதுவே பெரிய விஷயம்தான், ஆனால் கொலை நிற்கவில்லை. நிறுத்தியவர் ஹியூ தாம்சன் என்ற 24 வயது ஹெலிகாப்டர் விமானி. ஓடுகிற கிராமத்தவர்களுக்கும் துரத்துகிற தன் படையினருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். இவர்கள்மேல் நம் ஆட்கள் சுட்டால் நீங்கள் நம் ஆட்களைச் சுடுங்கள் என்று தன் இரண்டு துணைவர்களிடமும் சொன்னார். அப்புறம் தளத்துக்குத் திரும்பி, கண்டதையெல்லாம் மேலதிகாரிகளிடம் கொட்டித் தீர்த்தார். சுடுவதை நிறுத்து என்ற உத்தரவு அதன் பிறகுதான் கிராமத்துக்குப் போனது.

ராணுவத்தின் அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டதாக. ஓர் ஆண்டுக்கும் மேல் அந்தப் பொய்தான் நின்றது. 128 என்று எழுதிய கைக்கும் 22:30 என்று எழுதிய என் கைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பழக்கம் ஒன்றுதான். தாம்சனைச் சொந்த நாட்டிலேயே பலர் துரோகி என்றார்கள். அவருக்கும் துணைவர்களுக்கும் அந்தச் செயலுக்கான பதக்கம் 1998-இல் கொடுக்கப்பட்டது, முப்பது வருடம் கழித்து.

நம் ஊரிலேயே இதைவிடச் சிக்கலான கதை ஒன்று உண்டு. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஃபேரர் பார்க். பிரிட்டிஷ் படை சரணடைந்து இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, சுமார் 45,000 என்று சொல்லப்படும் இந்தியச் சிப்பாய்களை அங்கே கூட்டினார்கள். வெள்ளைக்கார வீரர்கள் சாங்கி பக்கம் போய்விட்டார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி இவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார், அவர் ஜப்பானியரோடு சேர்ந்திருந்த இந்திய அதிகாரி கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். இந்திய தேசிய ராணுவத்தில் சேர வருகிறவர்கள் வரலாம் என்று கேட்டார்கள்.

ஒரு சிப்பாயாக அந்தத் திடலில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். யார் சோற்றைத் தின்றோமோ அவர்களுக்கு உழைக்க வேண்டும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. செஞ்சோற்றுக் கடன் என்று கர்ணனையும் கும்பகர்ணனையும் கொண்டாடுகிற ஆட்கள் நாம். அதே கதையில் தப்பைத் தப்பு என்று சொல்லிவிட்டு வெளியேறிய வீடணனும் இருக்கிறான், அவனை என்ன சொல்வது என்று இன்றுவரை நம்மால் முடிவு செய்ய முடியவில்லை. திடலில் இருந்தவர்களில் பல ஆயிரம் பேர் நாட்டு விடுதலைக்காகச் சேர்ந்தார்கள். சிலர் முகாம் கொடுமைக்குப் பயந்து சேர்ந்தார்கள். பல ஆயிரம் பேர் எடுத்த சத்தியத்தை மீற மாட்டோம் என்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலரை நியூ கினிப் பக்கம் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள், பட்டினியிலும் நோயிலும் நிறையப் பேர் இறந்தார்கள். மோகன் சிங்குக்கே அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் மேல் நம்பிக்கை போய்விட்டது. அவர்களோடு முரண்பட்டதால் 1942 டிசம்பரில் கைதானார். பிறகு 1943-இல் நேதாஜி வந்து படையை மறுபடி எழுப்பியபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் திரண்டு வந்து சேர்ந்தார்கள்.

இதில் யார் சரி? எனக்கு ஒரு பக்கமும் சாய முடியவில்லை. சேர்ந்தவனையும் மதிக்கிறேன், நியூ கினியில் செத்தவனையும் மதிக்கிறேன். இரண்டு பேருமே தாம் எடுக்கும் முடிவு என்ன என்று தெரிந்தே எடுத்தார்கள், அதன் விலையைத் தாமே கொடுத்தார்கள். நான் 22:30 எழுதியபோது அதன் விலையைக் கொடுத்தது வேறொருவன்.

மேலே இருப்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகன் நாளை அதிகாரி ஆகலாம். தீவின் வடமேற்கில் லிம் சூ காங் பக்கம் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு பிரிகேடியர் சிம்சன் ஞாபகம் வரும். பிரிட்டிஷாரின் மலாயாப் படைத் தலைமையில் தலைமைப் பொறியாளர். 1941 டிசம்பர் 26 இரவு, தளபதி ஜெனரல் பெர்சிவலிடம் போய், தீவின் வடகரையில் தற்காப்பு அரண்கள் கட்ட வேண்டும், பொருளும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது என்று மன்றாடினார். அரண் கட்டினால் படையினரும் மக்களும் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று பெர்சிவல் மறுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 8 இரவு, ஜப்பானியர் வடமேற்குக் கரையில்தான் வந்து இறங்கினார்கள். அரண் இருந்தால் சிங்கப்பூர் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே உள்ளவன் தைரியமாகப் பேசிய பிறகும் காது மூடியிருந்தால் அந்தத் தைரியம் வீண். அந்தக் குற்றம் முழுக்க மேலே உள்ளவருடையது.

சரி, பிள்ளையிடம் என்ன சொல்லி அனுப்புவது? "மனசாட்சிப்படி நட" என்று மட்டும் சொன்னால் போதாது அக்கா. நானும் மனசாட்சி உள்ளவன்தான். கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள். பொய்யான நேரம், பொய்யான எண், பொய்யான கையெழுத்து, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போட வேண்டாம். உத்தரவு சந்தேகமாக இருந்தால், "சார், இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று எல்லோர் முன்னாலும் கேட்கட்டும். தப்பான உத்தரவுகளில் பாதி அந்த இடத்திலேயே மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன். மாறவில்லை என்றால் அடுத்த படியில் இருப்பவரிடம் போகட்டும். உடம்பு சரியில்லை என்றால் மறைக்கவே வேண்டாம்.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆயுதப் படையின் அடிப்படைப் பண்புகளில் பாதுகாப்பு எட்டாவதாக 2013-இல் சேர்ந்தது. பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019-இல் வந்தது. ஆபத்து என்று தோன்றினால் புதிதாகச் சேர்ந்த பையன்கூட "டைம் அவுட்" என்று சொல்லிப் பயிற்சியை நிறுத்தலாம்.

சொல்ல முடிவது ஒன்று, வாய் வருவது வேறு. என் கடைசி ரிசர்விஸ்ட் முகாமில், நள்ளிரவு தாண்டி, பிளாட்டூன் முழுக்க மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றது. டன்னர் லாரி ஓட்டும் கார்ப்பரல் என்னிடம் வந்தான். வெளியில் டெலிவரி வேலை பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். "சார்ஜன்ட், நான் மூன்று மணி நேரம்தான் தூங்கினேன். ஓட்டமாட்டேன்" என்றான். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எல்லோரும் களைத்துப்போய் நிற்கிறார்கள், இவன் ஒருத்தனால் மொத்தமும் நிற்கிறது என்று. அவன் கண்ணைக் கீழே போடாமல் நின்றான், கை மட்டும் லேசாக நடுங்கியது.

நான் போய் கமாண்டரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் புறப்பாட்டைக் காலைக்குத் தள்ளிவைத்தார். பின்னால் யாரோ கெட்ட வார்த்தை சொன்னது கேட்டது. கார்ப்பரல் வண்டிக்குப் பக்கத்தில் கிரவுண்ட்ஷீட்டை விரித்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்தான். ஒரு நிமிடத்தில் குறட்டை வந்தது. நான் பதிவேட்டை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து, அவன் தூங்கத் தொடங்கிய நேரத்தை எழுதினேன். 02:20.