கன்றுவீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) தடுப்பூசியில் மரபணு மாற்றிய கிருமி இருக்கிறதாமே, என் ஏழு மாதக் கிடாரிக்குப் போடலாமா?

போடுங்கள். ஏழு மாதம் என்றால் இன்னும் ஒரு மாதம்தான் உங்கள் கையில். கிடாரிக்கு நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள், ஆயுளில் ஒரே முறை போடுகிற ஊசி இது. நான் கோட்டை விட்டது அங்கேதான்.

எனக்குக் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் மரம், இரண்டு பசு. தடுப்பூசி முகாம் நடந்த காலையில் ரப்பர் பால்வெட்டு இருந்ததால் நான் போகவில்லை. அப்புறம் கிடாரிக்குப் பதினொரு மாதம் ஆனபோது கொண்டுபோய், "எட்டு முடியல சார்" என்று சொல்லிப் போட்டுக்கொண்டேன். டாக்டர் கன்றின் உயரத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். எழுதிக்கொண்டார்.

அது தலைச்சினையாக இருந்தபோது பக்கத்து வீட்டுப் பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது. எங்கள் மாடுகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரோஸ் நிறத் திரவத்தில் ஒரு சொட்டு சீரம் விட்டதும், கிடாரியுடையது மட்டும் திரிந்த பால் போலத் திப்பி திப்பியாக வந்தது; நோய் இருக்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். "எட்டு மாதத்துக்குள்தானே ஊசி போட்டீங்க?" என்றார் டாக்டர். ஆமாம் என்றேன்.

இங்கே போடும் எஸ்19 ஊசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமி. 1923-ல் ஒரு ஜெர்சி பசுவின் பாலில் கிடைத்தது. ஆய்வகத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்ததில் தானாகவே சாதுவானது. மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அதன் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலியும் நோய்க்கிருமியின் சங்கிலியும் ஒன்றுதான். சோதனை தேடுவது அந்தச் சங்கிலிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான். இளங்கன்றுக்குப் போட்டால் அது மெல்ல வடிந்துவிடும். வயது தப்பிப் போட்டால் தங்கி, சோதனையில் நோய் மாதிரியே காட்டிவிடும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் நீங்கள் பயப்படும் மரபணு வேலையே. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அதே எஸ்19-ல் 'பெர்' என்ற மரபணுவை நீக்கி ஒரு தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. அந்தச் சங்கிலி அதில் ஒழுங்காக வளராது. ஊசி போட்ட மாடு எது, நோய் வந்த மாடு எது என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

கிடாரியை விற்றேன். வியாபாரியிடம் ரிசல்ட்டைச் சொல்லித்தான் விற்றேன், திட்ட வராதீர்கள். அடுத்தவரிடம் அவர் என்ன சொன்னாரோ. நல்ல மாட்டைப் பாதி விலைக்குத் தள்ளினேனா, நோய் மாட்டை ஊருக்குள் விட்டேனா, இன்றுவரை தெரியாது. வயதை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இன்னொரு சோதனையாவது எடுத்திருப்பார்கள்.

முகாமையும் சொல்ல வேண்டும். விடிந்ததும் வைத்தால் ரப்பர்காரன் எப்படி வருவான்? ரோடு வேறு, கேரளாவுக்குக் கல் ஏற்றும் லாரிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகி, கன்றை நடத்திப் போக ஓரம்கூட இல்லை. கேட்டால் "எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று.

அப்புறம், ஊசி போடும்போது கன்றைப் பிடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். தவறிக் கையில் குத்திவிட்டால் அந்தச் சாதுக் கிருமியே மனிதருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும்.