குக்கீ மெஷினில் வயர் ஏன் அறுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீபாவளி ஆர்டர்கள் குவியத் தொடங்கும் முன்பே மெஷினைச் சரிபார்த்துவிட நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம். வயர்-கட் மெஷினில் ரோலர்கள் மாவை டை என்னும் துளைத் தகட்டின் வழியே பிதுக்கும், அதன் அடியில் ஓடும் மெல்லிய கம்பி (வயர்) அதைப் பிஸ்கட்டாக வெட்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மெஷினில் கைவைக்கும் எந்த வேலைக்கு முன்பும் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். வேலை செய்பவர் அந்தச் சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் நம்பாதீர்கள். இன்னொருவர் அறியாமல் அதை விடுவித்து மெஷினை இயக்கிவிட்டால் ரோலர் மறுபடி சுழலும்.

கேள்வி: எங்கள் வயர்-கட் மெஷினில் வாரம் இரண்டு மூன்று முறை வயர் அறுந்துவிடுகிறது. முந்திரியும் சாக்லேட் சிப்பும் போட்ட மாவில்தான் அதிகம். தடிமனான வயர் போடலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

வேண்டாம். தடித்த வயர் நெய் பிஸ்கட் போன்ற இளகிய மாவை வெட்டாது, இழுத்துக்கொண்டு போகும். பிஸ்கட்டின் அடியில் வால் விடும். அறுவதற்கான காரணமும் அப்படியே இருக்கும்.

வயர் எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். முனையில், போல்ட்டுக்கு அடியில் பிடிபடும் இடத்தில் அறுந்திருந்தால் கட்டிய விதத்தில்தான் கோளாறு. வாஷரின் கூரான விளிம்பில் வயர் மடிந்திருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் அந்த மடிப்பு அசைந்து அசைந்து கடைசியில் முறிந்துவிடும். விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். வயரை வளைவாகச் சுற்றிக் கட்டுங்கள்.

நடுவில் அறுந்தால் வயர் எதன்மீதோ மோதுகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கையால் சுழற்றி வயரை டையின் அடியில் மெதுவாக நகர்த்துங்கள். இரு ஓரங்களிலும் நடுவிலும் டையின் உதட்டை ஒட்டியே போகவேண்டும், ஆனால் எங்கும் அழுத்தக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் உரசினால் அங்குள்ள டை உதட்டில் பளபளவென்று ஒரு கீற்று தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் உடனே கண்ணில் படும்.

எங்கும் உரசவில்லை என்றால் மாவைக் கவனியுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து 4 டிகிரியில் எடுத்த மாவில் வெண்ணெய் கட்டியாக இருக்கும். உறைந்த சாக்லேட் சிப் கல்லைப்போல வயரை எதிர்க்கும். மாவை 18 முதல் 20 டிகிரிக்கு வரவிடுங்கள். முழு முந்திரியை வயர் வெட்டாது, முட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்கட்டின் தடிமனில் பாதிக்கும் சிறியதாக நறுக்கிப் போடுங்கள்.

இறுக்கமும் முக்கியம். அளவுக்கு மீறி முறுக்கிய வயருக்கு ஓர் அதிர்ச்சியைத் தாங்க இடமில்லை. தளர்ந்திருந்தால் நடுவில் வில்லாக வளையும், நடு வரிசை பிஸ்கட்டுகள் சாய்வாக விழும். திரும்பி வரும்போது வயர் சற்றுக் கீழே இறங்கி, மாவைத் தொடாமல் வரவேண்டும். தொட்டால் அந்த இறக்கத்தைத் தரும் கேம் என்னும் சுழல்தகட்டையும் அதன்மேல் உருளும் சிறு சக்கரத்தையும் பாருங்கள், அவை தேய்ந்திருக்கும்.

இனி, இருப்பதிலேயே முக்கியமான விஷயம். வயர் அறுந்ததும் பெல்ட்டை நிறுத்துங்கள். துண்டுகளை எல்லாம் மேசையில் முனைக்கு முனை சேர்த்துவைத்து, புது வயரின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும், கடைசியாகச் சரிபார்த்த நேரத்திலிருந்து வெளியான சரக்கு முழுவதையும் ஒதுக்கி வையுங்கள். மெட்டல் டிடெக்டர் பிடித்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அதைச் சோதிக்கப் பயன்படுத்துவது உருண்டைக் குண்டு. மெல்லிய ஸ்டெய்ன்லெஸ் வயர் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து டிடெக்டருக்குத் தப்பிவிடும். அதனால் அறும்வரை காத்திருக்காமல், நட்ஸ் போட்ட மாவு ஓடும் நாள்களில் ஷிஃப்ட் தொடங்கும்போதே வயரை மாற்றிவிடுவது நல்லது. சரக்கு ஒதுக்கும் செலவோடு பார்த்தால் வயரின் விலை ஒன்றுமே இல்லை.

கேள்வி: சாப்பிடும் பொருள் என்பதால் செயினுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறோம். ஆனால் செயின் பிசுபிசுத்து விறைக்கிறது. ஏன்?
– பிடோக் வாசகர்

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும். மாவு இளகாமல் இருக்க அறையை 20 டிகிரியில் வைத்திருந்தால், செயினின் பின்களுக்குள் அது மெழுகாகிவிடும். மற்ற சமையல் எண்ணெய்கள் உறையாவிட்டாலும் காற்றுபட்டுக் கெட்டு, பசையாகி, மாவுத்தூளைப் பிடித்துக்கொள்ளும். செயினுக்கும் பேரிங்குக்கும் எச்1 வகை என்று பதிவான உணவுத்தர எண்ணெயும் கிரீஸும் வாங்குங்கள். எச்1 என்பது தற்செயலாக உணவில் பட்டாலும் ஏற்கத்தக்க வகை. அதற்காக மாவில் சொட்டலாம் என்று பொருள் இல்லை.

புது கிரீஸ் ஏற்றும் முன் பழையதை முழுவதும் துடைத்தெடுங்கள். சாதாரண லித்தியம் கிரீஸோடு அலுமினியம் காம்ப்ளக்ஸ் வகை உணவுத்தர கிரீஸ் சேர்ந்தால் இரண்டும் நீர்த்து வழியும். ஒரேயடியாக அதிகம் ஏற்றினால் சீல் பிதுங்கும், பேரிங் சூடாகும்.

செயின் தேய்வை அளப்பது சுலபம். பிட்ச் (அடுத்தடுத்த இரு பின்களுக்கு இடையிலான தூரம்) 12.7 மி.மீ. உள்ள செயினில் 20 பிட்ச் நீளம் புதிதில் 254 மி.மீ. அதுவே 261 மி.மீ. தாண்டினால் செயினை மாற்றுங்கள், செயின் ஓடும் பற்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். இழுத்துக் கட்டுவது தேய்வுக்கு மருந்து இல்லை.

கேள்வி: 12 கிராம் பிஸ்கட், ஓர வரிசைகளில் மட்டும் 10.5 கிராம்தான் வருகிறது. டையின் திருகுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் நிற்கவில்லை.
– பாண்டான் லூப் வாசகர்

திருகை விட்டுவிட்டுத் தராசை எடுங்கள். பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து பிஸ்கட்டுகளை நிறுத்து எழுதுங்கள். ஒரே வரிசை மூன்று முறையும் குறைந்தால் கோளாறு மெஷினில். வரிசை மாறி மாறிக் குறைந்தால் கோளாறு மாவில்.

பெரும்பாலும் காரணம் மாவு கொட்டும் தொட்டியான ஹாப்பரில்தான் இருக்கும். மாவை நடுவில் குன்றாகக் கொட்டுகிறார்கள். நடு ரோலர் பகுதி நிறைய வாங்குகிறது. பக்கச் சுவரில் மாவு ஒட்டிக்கொள்வதால் ஓரங்கள் பட்டினி கிடக்கின்றன. கைப்பலகையால் ஓரம்வரை பரப்பி, ஹாப்பரில் மாவின் மட்டம் எப்போதும் பாதிக்குக் குறையாமல் வைத்தாலே பலருக்கு வித்தியாசம் மறைந்துவிடும். மாவு நின்றுகொண்டே இருந்தால் அதிலுள்ள ஈரத்தை மைதா இழுத்து இறுகும். ஒரே தொகுதியின் முதல் தட்டும் கடைசித் தட்டும் எடையில் வேறுபடுவது அதனால்தான். பெரிய தொகுதியாகப் பிசைந்து வைப்பதைவிடச் சிறு தொகுதிகளாகப் பிசைவது மேல்.

இத்தனைக்குப் பிறகும் அதே ஓரம் குறைந்தால், ரோலர் பள்ளங்களில் காய்ந்த மாவு அடைத்திருக்கிறதா, ரோலரில் ஒட்டும் மாவை வழிக்கும் சுரண்டித் தகடு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டை திருகுக்குக் கடைசியில் வாருங்கள்.

கேள்வி: புது இடத்துக்கு மாறினோம். மெஷினை ஓடவிட்டால் மாவு கீழே இறங்காமல் மேலே தள்ளப்படுகிறது.
– சிநோக்கோ வாசகர்

மூன்று ஃபேஸ் இணைப்பின் வரிசை மாறியிருக்கிறது. மெஷினுக்கு வரும் மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் சரியான திசையில் சுழலும். சிங்கப்பூர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைச் செய்ய வேண்டும். அதுவரை மெஷினை ஓட்டாதீர்கள், சுரண்டித் தகடுகள் எதிர்ச் சுழற்சியில் வளைந்துவிடும்.

கேள்வி: கழுவிய பின் அலுமினிய டைகள் கறுத்து, துடைத்தால் கையில் கரி ஒட்டுகிறது. நைலான் சுரண்டிகளும் பொருந்தாமல் இறுகுகின்றன. கொதிநீரில் பாத்திரம் கழுவும் மெஷின் பவுடர் போட்டு ஊறவைக்கிறோம்.
– மண்டாய் வாசகர்

இரண்டுக்கும் அந்த ஊறல்தான் காரணம். பாத்திரம் கழுவும் மெஷின் பவுடர் கடும் காரம். காரம் அலுமினியத்தை அரிக்கும், கறுப்பு அதன் அடையாளம். நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும். மாற்றும்போது அசிட்டால் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த சுரண்டி கேளுங்கள், அது மிகக் குறைவாகவே உறிஞ்சும்.

கொதிநீர் அழுக்கையும் கெட்டிப்படுத்துகிறது. ஏறத்தாழ 60 டிகிரியில் மைதாவின் மாவுச்சத்து கஞ்சியாகும், முட்டையும் வெந்து ஒட்டும். வெண்ணெய் உருக 35 டிகிரியே போதும். எனவே முதலில் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் மாவை வழித்தெடுங்கள். பிறகு 45 முதல் 50 டிகிரி நீரில், அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதிய நடுநிலைச் சோப்பால் கழுவி, அலசி, கிருமிநாசினி தெளியுங்கள். முந்திரி, வேர்க்கடலை ஓடிய மெஷினில் நட்ஸ் இல்லாத பிஸ்கட் ஓட்டப்போகிறீர்கள் என்றால் சுரண்டியின் பின்புறத்தையும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தையும் கழற்றியே கழுவ வேண்டும். வெளியில் எவ்வளவு கழுவினாலும் அந்த இரண்டு இடங்களில் துகள் தங்கும்.

கழுவிய பாகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் சாய்த்து வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அடுக்கிவைத்தவை விடிந்தாலும் உலர்வதில்லை. மறுநாள் காலை பூட்டும் முன் ஒவ்வொரு ஓ-ரிங்கையும் விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.