ஈரம் காயாத டெக்குக்கு ஸ்டெயின் அடிக்கலாமா?

தம்பி, வான்கூவர் பக்கம் வீடு வாங்கி நாலு மாதம் ஆகிறது, பின்பக்க மர டெக் (வெளியே பலகை அடித்துப் போட்ட திறந்த தளம்) வெளுத்துக் கிடக்கிறது, செப்டம்பரிலேயே மழை பிடித்துக்கொண்டது, ‘ஈர மரத்திலும் அடிக்கலாம்’ என்று டின்னில் போட்டிருக்கிற ஸ்டெயினை, அதாவது மரத்துக்குள் இறங்கும் சாயப் பூச்சை, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். காட்பாடிக்காரர் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நான் குடியாத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம்ம வேலூரைச் சொல்வார்கள். அங்கிருந்து வந்த நமக்கு மரம் என்றால் வாசக்கால், கதவு, எப்போதாவது ஒரு கை வார்னிஷ், அவ்வளவுதான். கழுவிவிட்ட கதவை நம்மூர் வெயில் பத்து மணிக்குள் காய வைத்துவிடும். இங்கே மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும்.

இது தெரியாமல் முதல் வருடம் மழை விட்ட மறுநாளே எண்ணெய் ஸ்டெயின் அடித்தேன். கடைக்காரர் ‘ஒன்றும் ஆகாது’ என்றார். இரண்டு வாரம் கழித்தும் பிசுபிசுப்பு போகவில்லை. என் மகள் வெறுங்காலோடு ஓடியதில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்து, அடுத்த கோடையில் நான் சுரண்டும் வரை இருந்தது. குளிர்காலத்தில் கறுப்புப் பூஞ்சை வேறு.

மரத்தின் துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் எண்ணெய் உள்ளே போக இடமில்லை, மேலேயே நின்றுவிடும். தண்ணீரில் கலந்த ஸ்டெயின் அந்த ஈரத்தோடு சேர்ந்து கொஞ்சம் இறங்கும். ‘ஈர மரம்’ என்று போட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் அவர்கள் சொல்கிற ஈரம் வேறு. டெக்கைக் கழுவி, தண்ணீர் வடிந்து, பளபளப்பு போய், தொட்டால் சில்லென்று இருக்கிறதே, அந்த ஈரம். ஒரு வாரம் மழையில் ஊறிய பலகை அதில் சேராது. டின்னின் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தையும் படியுங்கள்: அடித்த பிறகு எத்தனை மணி நேரம் மழை கூடாது, எத்தனை டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்று இருக்கும். 10 டிகிரிக்குக் கீழே பல ஸ்டெயின்கள் சரியாகப் பிடிக்காது.

ஊசி இரண்டு வைத்த ஈரமானி ஒன்று கிடைக்கும். பலகையில் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள், நிழல் விழுகிற மூலையை விடாதீர்கள். எண்ணெய் ஸ்டெயின் என்றால் 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் தொடவே வேண்டாம். மீட்டர் இல்லையென்றால் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சினால் மரம் ஸ்டெயினையும் குடிக்கும், முத்து முத்தாக நின்றால் குடிக்காது. உளுத்துப்போகாமல் இருக்க மருந்து ஏற்றிய புதுப் பலகை இருந்தால் அது காயச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

குடியாத்தத்தில் கைலி நெய்வதற்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சி அதிகமானால் நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும், அதனால் தேய்த்துக்கொண்டே போவார்கள். ஈர மரத்திலும் அந்தக் கை வேண்டும். மெல்லிசாக ஒரு பூச்சு, கால் மணி நேரத்தில் மேலே தங்கியதைத் துடைத்துவிட வேண்டும். என்றைக்காவது எண்ணெய் வகைக்குப் போனால், துடைத்த துணியைச் சுருட்டிக் கராஜில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காய வையுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: இந்த மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் கிடைத்தால் தண்ணீர் ஸ்டெயின் ஒரு பூச்சு அடியுங்கள். கிடைக்காவிட்டால் இலைகளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஜூலைக்கு விடுங்கள். ஒரு குளிர்காலம் வெளுத்துக் கிடந்தால் டெக் செத்துவிடாது. மீட்டர் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி மட்டும் புதுசாகப் போட வேண்டும்.